ஆசிரியரின் மனோதிடமும் பணியிடைப் பயிற்சியும்

ஆண்டுகள் பல கழிந்த பின்னும் ஓர் ஆசிரியர் உற்சாகம் குன்றாது வகுப்பறைக்குள் நுழைவாராயின், அதற்கு அவருடைய சுபாவமே காரணம் என்று கூறிவிடுவது நம் வழக்கம். ஆயினும் அந்த மனோதிடத்தில் பெரும்பங்கு, பணியேற்ற பின் அவருக்குத் துணைநின்றவர் எவர் என்பதைப் பொறுத்ததே என்பது என் துணிபு.

இந்தியாவில், 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடியொற்றி மாவட்டந்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. வட்டார வளமையங்களும் குறுவளமையங்களும் பின்னர் வந்தன. தமிழ்நாட்டின் விஸ்தீரணத்தை நோக்கின், மாநில அளவில் சிலருக்குக் கற்பித்து, அவர்கள் மாவட்டத்தாருக்கும், மாவட்டத்தார் வட்டாரத்தாருக்கும் கைமாற்றுவது தவிர்க்கவொண்ணாதது. எனினும் கடைசிப் படியிலுள்ள ஆசிரியரை அடைகையில் செய்தி எஞ்சுகிறது, அதன் பின்னிருந்த சிந்தனை உதிர்ந்துவிடுகிறது. ஆனால் மலைக்கிராமத்து ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளோடு போராடுகின்றவர், குறுவளமையக் கூட்டத்தில் தம்மைப் போன்றோரைக் கண்டு அவ்விடர்ப்பாட்டை மனம்விட்டுப் பேசக்கூடுமாயின், அன்றைக்கென வகுத்த பாடத்தைக் காட்டிலும் அவ்வுரையாடலே அவருக்கு ஔஷதமாகிறது.

இலங்கையிலோ, தேசிய கல்வியியற் கல்லூரியில் ஈராண்டு தங்கிப் பயின்றவர், மூன்றாம் ஆண்டைப் பாடசாலையொன்றில் பயிலுநராகக் கழிக்கிறார்; புதியவரின் தன்னம்பிக்கை எளிதில் குலையக்கூடிய அந்த முதற்காலத்தை அவர் தனியே கடக்க நேர்வதில்லை. நியமனத்தின் பின்னரும் கல்வி வலயத்தின் ஆசிரிய ஆலோசகர் வகுப்பறைக்கே வருகிறார். அவர் சில வேளை பரிசோதகராக மாறிவிடுவதும் உண்டு. அப்போது ஆசிரியர் தம் குறையை மறைப்பாரேயன்றிக் கூறமாட்டார். வடக்கிலும் கிழக்கிலும், யுத்தத்தாலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் ஆசிரியரும் மாணவரும் ஒருசேர உற்றாரையும் உறைவிடத்தையும் இழந்த நாட்களை அடுத்து, ஆசிரியர்களுக்கு அளிக்கப்பட்ட உளவளத்துணைப் பயிற்சி பிள்ளைகளின் பொருட்டே வகுக்கப்பட்டதாயினும், பிள்ளையின் துயரைச் செவிமடுக்கக் கற்றவர் தம் துயரைச் சொல்லவும் கற்றிருப்பார் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

இலங்கையின் ஆசிரிய ஆலோசகருக்கு நிகராகத் தமிழ்நாட்டில் இருப்பவர் ஆசிரியர் பயிற்றுநர்; அவருடைய பொழுதையோ புள்ளிவிவரச் சேகரிப்பு விழுங்கிவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியை எதிர்பார்க்கிறது. அந்த அளவை ஏற்பினும் ஏலாவிடினும், பயிற்றுநர் பதிவேட்டைக் கேளாது ஒரு பாடவேளை முழுவதும் வகுப்பில் அமர்ந்திருந்து, பின்னர் ஆசிரியரோடு சாவகாசமாகப் பேசுவதற்கென்று, பயிற்சிக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கையேனும் மாநில அரசு ஒதுக்கவேண்டும்.