ஏற்றத்தில் பேசும் மீட்டர், இறக்கத்தில் ஊமை

பாரம் இழுக்கும் வண்டிகளில், கியர்பாக்ஸ் ஆயில் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க வெளியில் மீட்டர் வாங்கிப் பொருத்தும் பழக்கம் உண்டு. அதை எடைபோட தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய் நல்ல இடம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேலத்திலிருந்து வருவோருக்கு அது ஏற்றம். சேலம் செல்வோருக்கு இறக்கம்.

ஏற்றத்தில் மீட்டரின் பயன் மறுக்க முடியாதது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எஞ்சினின் விசை டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழலும் ஆயில் வழியாகவே சக்கரத்துக்குப் போகிறது. பாரத்தோடு மெதுவாக ஏறினால் அந்த ஆயில் கடைபட்டுக் கொதிக்கும். பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை கவலையில்லை. 120ஐத் தாண்டினால் ஆயில் வேகமாகக் கெடும். நாளடைவில் சீல்கள் இறுகி ஒழுகும். பல வண்டிகளில் கம்பெனி வைத்திருப்பது ஓர் எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். அது எரியும்போது சூடு எல்லை மீறியிருக்கும். மீட்டர் இருந்தால் முள் ஏறும்போதே கியரைக் குறைக்கலாம். ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆயிலை ஆற்றலாம்.

ஆனால் முள் காட்டும் எண் சென்சார் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. டார்க் கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் வைத்தால் திடீர்ச் சூடு உடனே தெரியும். ஆயில் தேங்கும் அடித்தட்டில் வைத்தால் தணிந்த, தாமதமான எண்தான் வரும். ஒருவர் வண்டியின் 100ஐ மற்றவர் வண்டியின் 100ஓடு ஒப்பிடுவதில் பொருளில்லை. துளையிட்டுப் பொருத்தினால் கசிவு வரலாம், வாரண்டியும் போகலாம். போதாக்குறைக்கு, நம் லாரிகளில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. அவற்றில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது.

பெரிய குறை இறக்கத்தில்தான். 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 11 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கீழ் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் அத்தனை பளுவும் பிரேக் மேல் விழும். டிரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகும். லைனரின் பிடிமானமும் தளரும். அந்த நேரத்தில் கியர்பாக்ஸ் மீட்டர் என்ன சொல்லும்? ஆயில் ஆறுகிறது, எல்லாம் நலம் என்று சொல்லும். ஏர் பிரேக்கின் காற்றழுத்த முள்ளும் டிரம்மின் சூட்டைக் காட்டாது. 2024 ஜனவரி 24 அன்று இதே கணவாயில் பாரலாரி ஒன்று கட்டுப்பாடிழந்து முன்னால் சென்ற வண்டிகள்மேல் மோதியதில் 4 பேர் இறந்தார்கள். அங்கே உயிர் போவது இறக்கத்தில். மீட்டர் காவல் காப்பதோ ஏற்றத்தை.

ஆகவே, ஆட்டோமேட்டிக் வண்டியில் அடிக்கடி பாரம் இழுப்பவர் மீட்டர் பொருத்தலாம், செலவு வீண்போகாது. ஆனால் அது கியர்பாக்ஸைக் காக்கும் கருவி. ஆளைக் காப்பது பிரேக். லாரி வைத்திருப்பவர் முதலில் லைனரையும் டிரம்மையும் பார்த்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைச் சரிசெய்யட்டும். ஓட்டுநர்களே, தொப்பூரில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரல் வேண்டாம்.