புகை கறுத்ததும் அமுக்கு!

"மாமா, புகை கறுத்துடுச்சு, அமுக்குங்க, அமுக்குங்க!"

பின்னால் நின்று கத்துகிறான் அக்கா மகன். பத்து வயது. எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் காபி ஆறி ஆடை கட்டிக் கிடக்கிறது. 1999இல் நாட்டி டாக் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காகச் செய்த 'கிராஷ் டீம் ரேசிங்' இன்றைக்கும் என்னை இப்படித்தான் உட்கார வைக்கிறது. கார்ட் பந்தயம் என்றாலே மரியோதான் என்று சொல்கிறவர்களோடு இருபது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் போடத் தயார்.

அந்தக் கறுப்புப் புகையில்தான் விளையாட்டின் உயிரே இருக்கிறது. வளைவு வருகிறது. ஆர்1 பட்டனை அழுத்தினால் வண்டி சின்னதாக ஒரு துள்ளு துள்ளும். விரலை எடுக்காமல் திருப்பினால் டயர் கிறீச்சிட்டு வண்டி வழுக்கிக்கொண்டு போகும். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பட்டை நிரம்பத் தொடங்கும். பச்சை சிவப்பாகும், சைலன்சர் புகை கறுக்கும். அந்த நொடியில் எல்1ஐத் தட்ட வேண்டும். வண்டி சீறிப் பாயும். பட்டை மறுபடி நிரம்பும், இன்னொரு தட்டு. மறுபடி நிரம்பும், மூன்றாவது தட்டு. ஒரே வழுக்கலில் மூன்று பாய்ச்சல்! இன்னும் கொஞ்சம் நிரம்பட்டுமே என்று பேராசைப்பட்டால் என்ஜின் 'டுப்' என்று இருமும், பூஸ்ட் கோவிந்தா.

இவ்வளவுதான் வித்தை. ஆனால் இது கைக்கு வர எனக்கு ஒரு மாதம் ஆனது. வந்த பிறகு நேர்ச் சாலையில்கூடச் சும்மா ஓட்ட மனசு வராது. இடமும் வலமும் வழுக்கி வழுக்கியே போகத் தோன்றும். மேட்டிலிருந்து விழும்போது விளிம்பில் ஒரு துள்ளு போட்டால் காற்றில் எத்தனை நேரம் மிதக்கிறோமோ அதற்கேற்ற பூஸ்ட் கிடைக்கும். இது தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆயுதங்களிலும் இதே குணம்தான். டிஎன்டி பெட்டி தலையில் ஏறிக்கொண்டதா? அழவேண்டாம். வெடிப்பதற்குள் துள்ளித் துள்ளி உதறிவிடலாம். உருட்டிவிடும் குண்டு எதிராளியைத் தொடாமல் தாண்டப் போகிறதா? அதே பட்டனை இன்னொரு முறை அழுத்தினால் அவன் பக்கத்திலேயே வெடிக்கும். வும்பா பழம் பத்து சேர்த்துவிட்டால் வேகமும் கூடும், கையிலுள்ள ஆயுதமும் பலமாகும். டிஎன்டி நைட்ரோவாகிவிடும், அதை உதறவே முடியாது. அடி வாங்கினால் பழம் சிதறும். ஆக, பத்துப் பழத்தோடு முன்னால் போகிறவன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் போகிறான்.

18 தடங்கள். டைகர் டெம்பிளில் கல்முகத்தை ஆயுதத்தால் அடித்தால் ரகசிய வழி திறக்கும். பாப்பு பிரமிடில் மனிதனை விழுங்கும் செடிகள். சூவர் ஸ்பீட்வேயில் சாக்கடைக் குழாய்ச் சுவரில் ஏறித் தாவினால் மேலே இருக்கும் ஓட்டை வழியாகக் குறுக்குப் பாதை. என் அக்கா மகன் அதில் பத்துக்கு ஒன்பது முறை சுவரில் முட்டிக்கொள்வான். அந்தப் பத்தாவது முறைக்காகவே மறுபடியும் அதே தடத்தைக் கேட்பான்.

கதை? பூமியையே வண்டி நிறுத்துமிடமாக மாற்றிவிடுவேன் என்று மிரட்டும் நைட்ரஸ் ஆக்ஸைடு என்கிற வேற்றுக்கிரகவாசி. கடைசிப் பந்தயத்தில் பச்சை விளக்கு எரிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவான் அந்தக் களவாணி!

இத்தனை புகழ்ந்துவிட்டேன், குறையை மறைத்தால் பாவம். பெரிய குறை, நான் மேலே சொன்ன வித்தையை விளையாட்டு ஒழுங்காகச் சொல்லித்தராது. முகமூடிச் சாமி அக்கு அக்கு நடுநடுவே குறிப்பு சொல்லும், அதைக் கேட்டு எந்த விரலும் பழகாது. புதிதாக வருகிறவர் கடைசி இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார். அட்வென்ச்சர் பகுதியில் ஆரம்பத்தில் தேர்ந்தெடுத்த ஆளை நடுவில் மாற்றவே முடியாது. வேகத்துக்கு ஆசைப்பட்டு டிங்கோடைல் என்கிற ஆளை எடுத்துவிட்டு வளைவுக்கு வளைவு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வில்லன்களோடு ஒற்றைக்கு ஒற்றை மோதும் 'பாஸ்' பந்தயங்கள் இன்னும் மோசம். எதிராளி பின்பக்கமாகக் குண்டு போட்டுக்கொண்டே இருப்பான், அவனுக்கு மட்டும் கையிருப்பு தீரவே தீராது.

2019இல் பீனாக்ஸ் நிறுவனம் இதையே 'நைட்ரோ ஃபியூவல்டு' என்று புதுப்பித்தது. ஆரம்பத்திலேயே 31 தடங்கள், ஆளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் வசதி, கண்ணைப் பறிக்கும் நிறங்கள். பழைய வழுக்கலைக் கெடுக்காமல் விட்டார்களே, அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் அது லோடாகி முடிப்பதற்குள் அடுப்பில் டீயை ஏற்றிவிட்டு வரலாம். கடைப்பகுதியில் ஒரு உடுப்பு வாங்க வேண்டிய காசைச் சேர்ப்பதற்குள் சலித்துப்போகும். அந்தக் காசை நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம் என்று வெளியான சில வாரங்களுக்குப் பிறகு ஏற்பாடு செய்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆன்லைனில் நுழைந்தால், உச்ச பூஸ்டில் சைலன்சரில் எரியும் நீல நெருப்பைக் கடைசிவரை அணையவிடாமல் ஓட்டும் மகான்கள் காத்திருப்பார்கள். முதல் வாரத்தில் நான் எட்டுப் பேரில் எட்டாவது.

இருந்தாலும் சொல்கிறேன், கார்ட் பந்தயத்தில் இதற்கு மேல் ஒன்று இல்லை. வாங்கினால் ஆட்களில் போலாரையோ பியூராவையோ எடுங்கள், இரண்டின் வண்டியும் லேசாகத் திரும்பும். முதல் நாள் யாரோடும் போட்டி வேண்டாம். கிராஷ் கோவ் தடத்தில் தனியாக ஒரு மணி நேரம் வழுக்கிப் பழகுங்கள். பட்டையைப் பார்க்காதீர்கள், புகையைப் பாருங்கள்.