அழுகிற பிள்ளைக்கு என்ன கதை?

கற்பிட்டிப் பக்கத்துப் பிள்ளையொன்று ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஊசி, பக்கத்தில் உம்மா, சுற்றிலும் பாதி விளங்கும் சிங்களம். அதற்கு வாசித்துக் காட்ட நம்மிடம் என்ன புத்தகம் இருக்கிறது?

கதை கேட்டால் நோவு குறையுமா என்போருக்கு, பிரேசிலில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 81 சிறுவர்களில் ஒரு சாராருக்குக் கதை சொன்னார்கள். மற்றவர்களுக்கு விடுகதை போட்டார்கள். இரு சாராருக்கும் வலி குறைந்தது. கதை கேட்டவர்களுக்கே கூடுதலாகக் குறைந்தது.

ஆனால் எந்தக் கதை? ரே தம்பதியர் பொஸ்டன் சிறுவர் மருத்துவமனையோடு சேர்ந்து 1966இல் ஆக்கிய நூலில், ஜோர்ஜ் என்ற குரங்கு, படம் பொருத்தும் விளையாட்டுத் துண்டொன்றை விழுங்கிவிடுகிறது. எக்ஸ்ரே, ஊசி, சத்திரசிகிச்சை எல்லாம் ஒளிவுமறைவின்றி வருகின்றன. தனக்கு நடக்கப்போவதைப் பிள்ளை முன்கூட்டியே பார்த்துவிடுகிறது.

நம் சிறுவர் கதைகள் பலவற்றிலோ அறிவுரைதான் முந்திக்கொண்டு நிற்கிறது. அய்யூப் நபி (அலை) அவர்களின் பொறுமையைக்கூட "அழப்படாது" என்ற கண்டிப்பாக்கிவிடுகிறோம். வகுப்பில் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். குருவி செத்த துக்கத்தில் இருந்த சிறுவன் அபூ உமைரிடம் நபி (ஸல்) அவர்கள் புத்தி சொல்லவில்லை. அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். சிறுவர் இலக்கியத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் ஏது? உம்மா, வாப்பா என்று கூப்பிடும் பிள்ளைக்கு, அதன் பயத்தையே கேட்டு விசாரிக்கும் கதையொன்றை நம் எழுத்தாளர்கள் எழுதட்டும்.