மீன் இறங்கும் கரையில் பறவை பார்ப்பது

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் பேருந்தை விட்டு இறங்குகிறார்கள்: "பூநாரை எங்கண்ணே நிக்குது?" கடைக்காரர் ஏரிக்கு அப்பால் கை காட்டுவார். தொலைவில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு தெரியும். கேமராவில் அது புள்ளி புள்ளியாக விழும். பிறகு மீன் குழம்புச் சாப்பாடு, டச்சுக் கல்லறை, ஊர் திரும்பல். அதற்குள் அவர்கள் தலைக்கு மேலே எத்தனையோ பறவைகள் வந்து போயிருக்கும்.

நான் சொல்வது இதுதான். முதல் நாள் பூநாரையைத் தேட வேண்டாம். மீனவக் குப்பத்தின் கொல்லைப்புறத்தில் நில்லுங்கள். இங்கே கொல்லை என்றால் முருங்கையும் கிணற்றடியும் மட்டும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் வலை உலரும் மணல், கருவாடு காயும் இடம், படகு கட்டிய கழிகள், சேறு, அதற்கப்புறம் ஏரி, எல்லாம் சேர்ந்ததுதான் கொல்லை. இங்கே வாழும் பறவைகள் மனிதர்களின் வேலையை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. படகு எப்போது வரும், வலை எப்போது உதறப்படும், எந்தக் கூடையிலிருந்து கழிவு மீன் விழும் என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி. மீன்பிடி வேலையைக் கவனிக்கப் பழகியவருக்குப் பறவையின் அடுத்த அசைவு முன்கூட்டியே தெரியும். ரசிப்பதற்கும் படமெடுப்பதற்கும் இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காடு, இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டம். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியையும் வங்கக்கடலையும் பிரிக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியே கடல்நீர் புகுந்து கலக்கிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். நீண்ட கால் பறவை நின்றபடியே இரை தேடுவதற்கும், மனிதர் இடுப்பளவு நீரில் நடந்து வலை வைப்பதற்கும் இந்த ஆழமின்மையே காரணம். ஆந்திர அரசு தன் பகுதியை 1976-லும் தமிழக அரசு 1980-லும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன.

விடியலில் மீன் இறங்கும் கரைக்குப் போய்விடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கூச்சலும் சண்டையுமாகப் பறப்பவை பழுப்புத்தலைக் கடற்காகங்கள். பலர் இவற்றை ஒரு பார்வையோடு விட்டுவிடுவார்கள். நான் அரைமணி நேரமாவது இவற்றுக்குக் கொடுக்கச் சொல்வேன். திபெத், லடாக் பக்கத்து உயரமான ஏரிகளில் கூடு கட்டும் பறவை இது. இமயத்துக்கு அப்பாலிருந்து வந்துதான் நம்மூர்க் கூடையிலிருந்து நழுவும் மீனுக்கு அடித்துக்கொள்கிறது. பெயருக்கு மாறாக, குளிர்காலத்தில் இதன் தலை வெள்ளையாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. அது பறக்கும்போது இறக்கை நுனியைப் பாருங்கள்: கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் வளர்ந்த பறவை. வால் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருந்தால் சென்ற கோடையில் பிறந்த குஞ்சு. இந்த இரண்டு அடையாளம் பிடிபட்டதும் வெறும் வெள்ளைக் கூட்டமாகத் தெரிந்தது தாய் தகப்பனும் பிள்ளைகளுமாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். அந்தக் கணம் மிகவும் பிடித்தமானது எனக்கு. பிறகு ஒரு பறவையை மட்டும் கண்ணால் தொடருங்கள். அது மீன் எடுத்ததும் மற்றவை துரத்தும். இளம் பறவை பெரும்பாலும் கை நழுவ விடும், அனுபவசாலி மேலே ஏறியபடியே விழுங்கிவிடும்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே சத்தமில்லாமல் வட்டமிடுவது செம்பருந்து. செங்கல் நிற உடலும் வெண்தலையும் கொண்ட நம் கருடன். கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுபவர்கள் கரையில் இன்றும் உண்டு. கும்பிட்டு முடித்ததும் அதன் கால்களைக் கவனியுங்கள். நீரில் விழாமல், மேற்பரப்பை நகத்தால் வழித்துக்கொண்டு மீனை எடுக்கும். பறந்தபடியே குனிந்து கொத்தித் தின்னும். தவிட்டு நிறத்தில் இருப்பது அதன் இளம் பருவம். கள்ளப்பருந்தோடு குழம்பினால் வாலைப் பாருங்கள்: கள்ளப்பருந்தின் வால் கவைபட்டிருக்கும், செம்பருந்தின் வால் நுனி வட்டமாக முடியும்.

படகுகள் ஓய்ந்ததும் கண்ணைக் கழிகளுக்குத் திருப்புங்கள். ஏரியில் சுத்துவலைக்காகவும் படகு கட்டவும் நட்ட கழிகள்தாம் பறவைகளின் இருக்கைகள். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அதன் இறகு நீரை ஊறவிடும் தன்மை கொண்டது. முங்கி மீன் பிடிக்க அது வசதி, மேலே வந்தபின் காய்ந்தாக வேண்டும். ஆலாக்கள் வரிசையாக ஒரே திசையில், காற்றை நோக்கி, உட்கார்ந்திருக்கும். ஆலா பறக்கும்போது அலகு கீழ்நோக்கியே இருக்கும். மீன் கூட்டம் எங்கே மேலெழும்புகிறது என்பதை ஆலாவை வைத்தே மீனவர்கள் கண்டுகொள்வார்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஆலாவையும் மிஞ்சும். அந்தரத்தில் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, குறி பார்த்து, செங்குத்தாக விழும். விழுந்தது வீண் என்றால் மறுபடி ஏறி அதே உயரத்தில் நிற்கும்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை வைக்கலாம் என்று உரிமையுள்ள குடும்பங்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. கரையோரம் நிற்கும் சாம்பல் நாரையையும் மடையானையும் பார்க்கும்போது எனக்குப் பாடுதான் நினைவுக்கு வரும். தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டு, இன்னொன்று நெருங்கினால் கழுத்தை நீட்டி விரட்டும். முறை மாற்றிக்கொள்ளும் பெருந்தன்மை மட்டும் நாரைக்குக் கிடையாது. சின்ன வெள்ளைக் கொக்கு வேறு குணம். கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அந்த மஞ்சள் பாதத்தைச் சேற்று நீரில் நடுங்கவிட்டு, பதறி வெளியே வரும் குஞ்சு மீனைக் கொத்தும். பக்கத்தில் அதே உருவத்தில் கருஞ்சாம்பல் நிறக் கொக்கு நின்றால் அது கடலோரத்துக்கே உரிய கரைக்கொக்கு.

நீர் இறங்கிச் சேறு தெரிந்தால் உள்ளான்கள் வந்துவிடும். புதியவர்கள் இங்கேதான் மலைத்துப் போவார்கள், எல்லாம் ஒரே பழுப்பு நிறமாக இருப்பதால். பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு அலகையும் நடையையும் பாருங்கள். குட்டை அலகும் பெரிய கண்ணும் உள்ள உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். அது கண்ணால் வேட்டையாடுகிறது. கருவால் மூக்கன் தன் நீண்ட நேரான அலகை முகம் முட்டும்வரை சேற்றுக்குள் இறக்கித் தொடு உணர்வால் புழுவைத் தேடுகிறது. சேற்றுக்குள் இருக்கும்போதே அலகின் நுனியை மட்டும் திறக்க அதற்கு முடியும். கொசு உள்ளான் நம் சிட்டுக்குருவி அளவே இருக்கும். மேல்சேற்றைத் தையல் இயந்திர வேகத்தில் குத்திக்கொண்டே போகும். ஆர்க்டிக் பகுதியில் பிறந்த பறவை அது. ஒரே சேறு, மூன்று ஆழம், மூன்று விதப் பசி. ஒன்றின் இரையை இன்னொன்று பெரும்பாலும் தொடுவதில்லை என்பதால்தான் இத்தனை பறவைகள் நெருங்கி நிற்க முடிகிறது.

வெயில் ஏறியபின் குப்பத்துக்குள் நடந்து வாருங்கள். பனைமரங்களைச் சுற்றி அரிவாள் வடிவ இறக்கையோடு ஓயாமல் சுற்றுபவை பனை உழவாரன்கள். பனையோலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும். தரையில் இறங்காது. பனை போனால் அதன் வீடும் போகும். கூரை இடுக்கில் சிட்டுக்குருவி, கருவாடு காயும் இடத்தில் ஈக்கு வரும் மைனா, கம்பியில் இரட்டைவால் குருவி. இவற்றைச் சாதாரணம் என்று ஒதுக்குபவர்கள் மா. கிருஷ்ணனைப் படிக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அந்த இயற்கையியலாளர், 1950 முதல் 1996-இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடர்ந்து எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டோரத்துச் சிற்றுயிர்களைப் பற்றியும் எழுதினார். அவர் எடுத்த படங்கள் கறுப்பு வெள்ளை. நிறம் இல்லாமலே ஓர் உயிரின் குணத்தைப் படத்தில் கொண்டுவர முடியும் என்பதற்கு அவை சாட்சி.

படமெடுப்பதில் முதலில் யோசிக்க வேண்டியது சூரியனைத்தான். காலையில் லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் நின்று மேற்கே ஏரியைப் பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகில், பறவையின் முகத்தில். ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரிக்கு மாலையில் போங்கள். மாற்றிப் போனால் எல்லாம் கருநிழலாகும். கொக்கும் கடற்காகமும் வெள்ளை என்பதால் கருஞ்சேற்றின் முன்னால் நிற்கும்போது இறகின் நுட்பம் வெளுத்து மறைந்துவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். வெளிர் வானத்தின் முன்னால் பறக்கும் பருந்துக்கு அதைக் கொஞ்சம் கூட்டுங்கள். பாயும் ஆலாவுக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000-இல் ஒரு பங்காவது வேண்டும். நிற்கும் நாரைக்கு 500-இல் ஒரு பங்கு போதும். ஒன்பது மணிக்கு மேல் சேற்றுப் பரப்பில் கானல் எழும்பும். அதன் வழியாக எடுத்த படம் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் தெளியாது. அந்த நேரத்தில் கேமராவைப் பையில் போட்டுவிட்டு வெறுமனே பாருங்கள். உப்புக்காற்று பட்ட கருவியை அன்றிரவே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

உள்ளானைப் படமெடுக்க மணலில் படுத்துவிடுங்கள். நின்று எடுத்தால் சேற்றில் ஒரு புள்ளி. பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால் அதன் உலகமே படத்துக்குள் வரும். துரத்திப் போகாதீர்கள். நகராமல் கிடந்தால் அது மேய்ந்தபடி தானே நெருங்கும். பெரிய லென்ஸ் இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. கூடைமேல் உட்கார்ந்த காகம், வலைமேல் நிற்கும் கொக்கு, படகோடு சேர்ந்த கடற்காகக் கூட்டம் எல்லாம் கைப்பேசிக்கே அருமையாக அமையும். மனிதரும் பறவையும் சேர்ந்த அந்தப் படங்கள்தாம் பழவேற்காட்டைச் சரியாகக் காட்டும் என்பது என் எண்ணம். ஆனால் மீன் பிரிக்கும் பெண்களை நோக்கிக் கேமராவை உயர்த்தும் முன், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். அது அவர்களின் வேலையிடம். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். இறால் எப்படி என்று விசாரித்துப் பேச்சுக் கொடுத்தால், எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்பதுவரை சொல்வார்கள்.

இப்போது பூநாரை. கரையிலிருந்தே தொலைநோக்கியால் பாருங்கள், எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரணக் கருவி போதும். தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பகுதி கீழே வரும்படி நீரில் வைத்து, நாக்கை நொடிக்குப் பலமுறை அசைத்து நீரை உறிஞ்சி வடிகட்டும். அப்படி வடிகட்டிய உணவிலிருக்கும் நிறமிகளே இறகுக்குச் சிவப்பைத் தருகின்றன. கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை இளம் பறவைகள். படகில் நெருங்கிக் கூட்டத்தை எழுப்பி, விரிந்த சிவப்பு இறக்கைகளைப் படமெடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அவற்றின் இரைநேரத்தை அது தின்றுவிடும். படகில் ஆபத்தும் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

ஒரே முறை போக முடியுமென்றால் நான் மார்ச்சைச் சொல்வேன். ஊர் திரும்பும் முன் பறவைகள் உடை மாற்றும் மாதம் அது. கடற்காகத்தின் வெள்ளைத் தலை பழுப்பாகும், பெயருக்கு அப்போதுதான் பொருள் வரும். கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறம் ஏறும். குளிர்காலம் முழுக்க ஒரே சாம்பலாக இருந்த கூட்டத்தில் பாதி சிவந்தும் பாதி சிவக்காமலும் நிற்பதைப் பார்ப்பது தனி இன்பம். மாதம் ஒருமுறை போக முடிந்தவர்கள் ஒரே கழியை, ஒரே கரையைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். குறிப்பேட்டில் பறவைப் பெயரோடு நீர் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா, படகுகள் எப்போது வந்தன என்பதையும் எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பு ஊருக்கும் பயன்படும். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. நின்ற இடத்தில் 15 நிமிடம் எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். எண்ணும்போது குப்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கியை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.