கல்வமா, கொப்பரையா?

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளில் ‘கிராஃப்டிங்’ எனும் பொருள் செய்யும் வேலை இல்லாதது அபூர்வம். பெரும்பாலும் அது மளிகைக் கணக்குதான். 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் உலைக்களத்தில் போய் நின்றால் பட்டியல் விரியும். இரும்பும் தோலும் கையிருப்பில் இருந்தால் ஒரே தட்டில் குத்துவாள் தயார். திறனை ஏற்றுவதற்காக அதே குத்துவாளை மூட்டை மூட்டையாகச் செய்து குவித்தவர்கள் ஏராளம். சுத்தியல் அங்கே காட்சிக்குத்தான்.

செக் நாட்டின் வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் 2018இல் வெளியிட்ட ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ வேறு ரகம். கதை நடப்பது 1403இல், பொஹீமியாவில். நாயகன் ஹென்றி கொல்லன் மகன், எழுதப் படிக்கத் தெரியாதவன். மருந்துக் குறிப்பைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறி நம் கண்ணுக்கும் குழம்பியே தெரியும். ஊரெல்லாம் அலைந்து ஓர் எழுத்தரிடம் பாடம் கேட்ட பிறகுதான் வரிகள் மெல்ல நேராகும். கருவி என்றால் அவனுக்கு முதலில் வாய்க்க வேண்டியது எழுத்துதான்.

பிறகு மருந்து காய்ச்சும் மேசை. கொப்பரை, துருத்தி, கல்வம், மணற்கடிகாரம், வாலை, குப்பிகள். தண்ணீர், ஒயின், எண்ணெய், சாராயம் என்று நான்கு ஜாடிகள். எதை எப்போது கையில் எடுப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. விளையாட்டைச் சேமித்து வைக்க உதவும் ‘சேவியர் ஷ்னாப்ஸ்’ பானத்தையே எடுத்துக்கொள்வோம். ஒயினை ஊற்ற வேண்டும். நெட்டில் இலை அப்படியே கொப்பரைக்குள் போகும். பெல்லடோனாவோ கல்வத்தில் அரைபட்ட பிறகுதான் போகலாம். கொதி எவ்வளவு நேரம் என்பதை மணற்கடிகாரத்தைக் கவிழ்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘இத்தனை சதவீதம் முடிந்தது’ என்று சொல்ல திரையில் எந்தப் பட்டையும் கிடையாது. அரைக்க வேண்டியதை அரைக்காமல் போட்டாலோ, வாலையில் வடிக்க வேண்டியதை நேரே குப்பியில் ஊற்றினாலோ சரக்கின் தரம் போயிற்று. சேமிக்கும் வசதிக்கே இப்படி வேலை வாங்குகிறார்களே என்று புலம்பியவர்கள் உண்டு. புலம்பல் நியாயம்தான், ஆனாலும் கை பிசக இடம் கொடுக்காத கருவியைக் கருவி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சாணைச் சக்கரமும் அப்படியே. மிதித்துச் சுழற்றிக்கொண்டே வாளைச் சரியான சாய்வில் பிடிக்க வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் வாளுக்குத்தான் கேடு.

2025இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஹென்றிக்கு அப்பன் தொழிலே கைக்கு வந்துவிட்டது. துருத்தி ஊதி, இரும்பு பழுத்த நிறம் பார்த்து, குறட்டால் பட்டடையில் வைத்து, அடித்த இடத்திலேயே அடிக்காமல் நீளவாக்கில் நகர்த்தி, திருப்பிப் போட்டு, மறுபடி உலைக்கு. கடைசியில் தண்ணீரில் தோய்ச்சல். அடி தாளத்தோடு விழுந்தால் ஹென்றி சீட்டியடிக்கத் தொடங்குவான். இரும்பு ஆறினாலோ தாளம் தப்பினாலோ சீட்டி நின்றுவிடும். திரையில் எண் காட்டுவதைவிட எவ்வளவு நாகரிகமான எச்சரிக்கை!

ஒரே குறை, சுத்தியலைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. லாடத்துக்கும் நீண்ட வாளுக்கும் ஒன்றேதான். மருந்து மேசையில் கல்வமா கொப்பரையா என்று யோசிக்க வைத்தவர்கள், பட்டறையிலும் கனத்தது ஒன்று, இலேசானது ஒன்று என்று நாலு சுத்தியலை மாட்டி வைத்திருக்கலாம்.