கட்டைவிரல் அறிந்த போன்கள்

கடையில் புதுப் போனைக் கையில் வாங்கியதும் பலர் முதலில் கேமராவைத் திறப்பார்கள். நான் செய்தி எழுதும் இடத்தைத் திறந்து ‘கொடியேற்றம்’ என்று அடித்துப் பார்ப்பேன். தமிழ் எழுத்து ஒரு கருவிக்குக் கொடுக்கக்கூடிய சிரமங்களில் பாதி அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ‘கொ’வில் ககரத்துக்கு இரண்டு பக்கமும் குறி வர வேண்டும். ‘டி’யின் வளைவு தலைக்கு மேலே போக வேண்டும். ‘யே’யின் கொம்பு, நினைவகத்தில் யகரத்துக்குப் பின்னால் இருந்தாலும் திரையில் முன்னால் வந்து நிற்க வேண்டும். இரண்டு றகரத்தில் முதலாவதற்கு மட்டும் புள்ளி. இந்த ஆறு எழுத்தையும் நெரிக்காமல், தலை வெட்டாமல் ஒரு போன் காட்டிவிட்டால் அதைச் செய்தவர்கள் அக்கறையுள்ளவர்கள் என்று முடிவு செய்துவிடுவேன். மற்ற விவரமெல்லாம் அப்புறம்தான்.

என் முதல் போனில் இந்தச் சோதனைக்கே இடமில்லை. நோக்கியா 1100. 2003-இல் வந்து, உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்ற போன் அது. விலை குறைவு என்பதால் மட்டும் அவ்வளவு விற்றதாக நான் நினைக்கவில்லை. அதன் பொத்தான்களுக்கு நடுவே இடுக்கே கிடையாது. ஒரே ரப்பர் விரிப்பாக இருக்கும். தூசி உள்ளே போக வழியில்லை. வியர்த்த கையிலும் வழுக்காது. ‘சி’ பொத்தானை அழுத்திப் பிடித்தால் உச்சியில் டார்ச் எரியும். கரண்ட் போன வீட்டில் மெழுகுவர்த்தி தேடிப் போகவும், இரவில் வரப்பில் நடக்கவும் அந்த வெளிச்சம் போதுமாக இருந்தது. யார் கைக்குப் போகப்போகிறது என்று தெரிந்து செய்த பொருளுக்கு ஒரு களை உண்டு. அது 1100-இல் இருந்தது.

அதில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அனுப்பினோம். ‘வரேன்’ என்று சொல்ல 8-ஐ மூன்று முறை, 2-ஐ ஒரு முறை, 7-ஐ மூன்று முறை, 3-ஐ இரண்டு முறை, 6-ஐ இரண்டு முறை தட்ட வேண்டும். பஸ்ஸில் நின்றபடி, போனைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே, திரையைப் பார்க்காமல் அதை அடிக்க முடிந்தது. ஒவ்வொரு தட்டலையும் விரலுக்குத் திருப்பிச் சொல்லும் பொத்தான்கள் அவை. அந்தத் தெளிவை எந்தக் கண்ணாடித் திரையும் எனக்குத் திரும்பத் தரவில்லை.

(2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்த பிறகு நம் ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. பழைய நோக்கியா எதையாவது எங்கேனும் பார்த்தால், பேட்டரியைக் கழற்றி அடியில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று இன்றும் பார்ப்பேன்.)

அடுத்து நோக்கியா ஈ71. 2008-இன் போன். அழகான போன் என்று ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒரு சென்டிமீட்டர் தடிமன், முதுகில் துருப்பிடிக்காத எஃகு, கையில் எடுத்ததும் சில்லென்று இருக்கும். முழு விசைப்பலகையும் அந்தச் சின்ன அகலத்துக்குள் அடங்கியிருந்தது. நெருக்கமான பொத்தான்களில் விரல் தடுமாறாமல் இருக்கக் காரணம், ஒவ்வொரு பொத்தானின் நடுவும் லேசாகப் புடைத்திருந்ததுதான். தட்டையாக இருந்திருந்தால் ஒரு அழுத்தலில் இரண்டு எழுத்து விழுந்திருக்கும். செய்தி வந்து காத்திருந்தால் நடுப் பொத்தானைச் சுற்றி ஒரு வெளிச்சம் மூச்சு விடுவதுபோல் மெல்ல ஏறி இறங்கும். கூப்பிடாமல், அதட்டாமல் சேதி சொல்லும் அந்த நயம் இன்றைய அறிவிப்பு ஒலிகளில் இல்லை.

அந்தக் காலத்தில் வலைப்பதிவுகளைப் போனில் படிக்க நினைத்த தமிழர்கள் எல்லோருக்கும் ஆபரா மினி தெரிந்திருக்கும். பல போன்களில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஆபரா மினியின் முகவரிப் பட்டையில் ‘ஆபரா கான்ஃபிக்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்து, கடைசி வரைக்கும் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லும் வரியில் ‘ஆம்’ என்று மாற்ற வேண்டும். அதன்பின் அவர்களுடைய சர்வர் தமிழை வரைந்து படமாக அனுப்பும். போனுக்குத் தமிழ் தெரிய வேண்டியதே இல்லை. எழுத்து கொஞ்சம் பிசிறடிக்கும், நகல் எடுக்க முடியாது. ஆனால் கட்டங்கள் மறைந்து அதே இடத்தில் தமிழ் வரி வரியாக எழுந்து வந்ததைப் பார்த்த மகிழ்ச்சியை, பிறகு வாங்கிய விலை கூடிய போன்களில் எதுவும் எனக்குத் தரவில்லை.

படிப்பது அப்படி. எழுதுவதற்கு, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் இருந்தது. 2005-இல் சிங்கப்பூரில் அறிமுகமான செயலி. அதில் தமிழ் எஸ்எம்எஸ் அனுப்பியவர்களுக்கு ஒரு கணக்கு பழகியிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் நம் கண்ணுக்கு ஆறெழுத்தான ‘கொடியேற்றம்’ அந்தக் கணக்கில் 11. அதனால் சொல்லைச் செதுக்கித்தான் எழுத வேண்டியிருந்தது. தந்தி நடைக்கு அருகில் வரும் அந்தச் சுருக்கத்தில் நல்ல தமிழ் பல பேரிடம் கைவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தொடுதிரைப் போனுக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய செல்வம் தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு இது. கணினியில் பத்து விரலுக்காக வகுத்தார்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். போனை இரண்டு கையில் பிடித்து எழுதும்போதுதான் இதன் அருமை முழுதாக விளங்குகிறது. வலக் கட்டைவிரல் ககரத்தைத் தட்டும், இடக் கட்டைவிரல் ஒகரத்தைத் தட்டும்; ‘கொ’ வந்துவிடும். வலது, இடது, வலது, இடது என்று தவில்காரர் கைபோல மாறி மாறிப் போகும் நடை, தமிழின் உயிர்மெய்க்காகவே செய்ததுபோல் அமைந்துவிட்டது.

இன்னும் நுணுக்கம் புள்ளியில் இருக்கிறது. றகரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் றகரத்துக்குத் தானே புள்ளி விழும். ‘ந’வுக்குப் பின் ‘த’ தட்டினால் ‘ந்த’. ‘ங’வுக்குப் பின் ‘க’ தட்டினால் ‘ங்க’. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் மெல்லினம் பெரும்பாலும் ஒற்றாகத்தான் இருக்கும் என்ற மொழியறிவை விசைக்குள் வைத்திருக்கிறார்கள். ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ, நான்கே தட்டல். ‘கொடியேற்றம்’ பத்தில் முடிகிறது, கடைசி மகரத்துக்கு மட்டும் புள்ளியை நாம் வைக்க வேண்டும். ஆங்கில எழுத்தின் ஒலிவழி அடிப்பவர்கள் ரகரத்துக்கும் றகரத்துக்கும், லகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையே ஷிஃப்ட் விசைக்குப் போய்ப் போய் வருவதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு வாரம் பழகிப் பாருங்களேன் என்று சொல்லத் தோன்றும். சொல்லியும் இருக்கிறேன். பழகியவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை.

2013-இல் ஐஓஎஸ் 7-இல் தமிழ்99 உள்ளேயே அமைந்து வந்தது. பிறகு நான் ஐபோனுக்கு மாறி, 2016-இல் வெளிவந்த எஸ்இ-யை வைத்திருந்தேன். நான்கு அங்குலத் திரை, 113 கிராம். கட்டைவிரல் எட்டாத மூலையே அதில் இல்லை. திரையில் தெரிந்த தமிழ் எழுத்துரு சங்கம் எம்என். செல்லினம் செய்த அதே முத்து நெடுமாறன் வடிவமைத்தது. ணகரத்தின் சுழிகள் சிறிய அளவிலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்றோட்டமாக நிற்கும். நெடுங்கட்டுரைகளை அந்தச் சின்னத் திரையில் கண் களைக்காமல் படிக்க முடிந்ததற்கு அந்தச் சுழிகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது இருப்பது ஒரு பெரிய ஆண்ட்ராய்டு போன். இதன் நோட்டோ சான்ஸ் தமிழ் அகலமான எழுத்து. வரிக்குக் குறைவான சொற்களே அமரும், ஆனால் வயதான கண்ணுக்கு இதமானது. ஒரு கையால் எழுத முடியாத அகலம். போன் மாறியபோது பழைய விசைப்பலகை என்னிடம் கற்றுவைத்திருந்த சொற்கள் கூட வரவில்லை. ஊர்ப்பெயர்கள், வீட்டில் கூப்பிடும் பெயர்கள், நான் அடிக்கடி எழுதும் பழஞ்சொற்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். விரல்களுக்கு மட்டும் எதையும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. தமிழ்99 இதிலும் அப்படியே இருக்கிறது.

2017 ஆகஸ்டில் கூகுள் தமிழுக்கும் குரல்வழித் தட்டச்சைத் திறந்தது. எழுதிப் பழகாத என் அத்தை அதில்தான் பேரப்பிள்ளைகளுக்கு நீள நீளமாகச் செய்தி அனுப்புகிறார். அவருக்கு அது பெரிய வரம். நான் கட்டுரைகளை இன்னும் விரலால்தான் எழுதுகிறேன். வல்லினம் மிகுமா மிகாதா என்று யோசிக்கும் அந்த அரை நொடியில்தான் எனக்கு அடுத்த வாக்கியம் கிடைக்கிறது.