ஏந்த இயலாத வாள்: ‘டிராகன் குவெஸ்ட் 5’ – ஒரு திறனாய்வு

கதை கூறும் வழி காலந்தோறும் மாறி வந்துள்ளது. பாட்டியின் வாய்மொழியாக இருந்தது ஏட்டில் ஏறியது. ஏட்டிலிருந்து அச்சுக்கும் மேடைக்கும் திரைக்கும் வந்தது. இன்றைய மாணவருள் பலர் கதையைக் கேட்டும் படித்தும் அறிவதோடு, ஆடியும் அறிகின்றனர். வீடியோ விளையாட்டு என்றவுடன் அதனைப் பொழுதைப் பாழாக்கும் பொருளாகக் கருதி ஒதுக்குவது ஆசிரியரிடையே காணப்படும் இயல்பு. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. எனினும், ஒரு படைப்பின் உள்ளே புகாமலே அதனைத் தள்ளிவிடுவது திறனாய்வு ஆகாது. ஜப்பானில் 1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட் 5’ என்னும் விளையாட்டைக் கதைப் படைப்பு என்ற நிலையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகையின் தோற்றம்

அமெரிக்காவில் 1981இல் ‘விசர்ட்ரி’, ‘அல்டிமா’ என்னும் கணினி விளையாட்டுகள் வெளிவந்தன. அவற்றில் ஈடுபட்ட யூஜி ஹோரி என்பார், அவ்வமைப்பை எளிமையாக்கி, எவரும் ஆடத்தக்க கதையாக 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ முதற் பகுதியை உருவாக்கினார். உருவங்களை அகிரா தொரியாமா வரைந்தார். இசையைக் கொய்ச்சி சுகியாமா அமைத்தார். ஆடுபவர் கதைத் தலைவனுக்குத் தாமே பெயரிடுகிறார். ஊர் ஊராக நடந்து மக்களிடம் செய்தி கேட்கிறார். அரக்கரோடு முறைவைத்துப் போரிட்டுச் சிறுகச் சிறுக வலிமை பெறுகிறார். தலைவனோ தன் வாயால் பேசுவதில்லை. அவன் பேசாத இடத்தை ஆடுபவரின் உள்ளமே நிரப்புகிறது.

முதற் பகுதியில் ஆட்டத்தை இடையில் நிறுத்தித் தொடர விரும்பியவர், திரையில் தோன்றும் 20 எழுத்துகள் கொண்ட மந்திரத் தொடரைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுத்துப் பிழைத்தால் விட்ட இடத்திற்குத் திரும்ப இயலாது. 1988இல் வந்த மூன்றாம் பகுதியிலிருந்துதான் மின்கலத்தின் துணையால் ஆட்டப் பேழையே அதனை நினைவில் வைத்துக்கொண்டது. இத்தகைய கதையில் ஆடுபவர் செலவிடும் காலமும் உழைப்பும் கதைக்குப் புறம்பானவை அல்ல. கதையின் உறுப்புகளே என்பதை இதனால் உணரலாம்.

மூன்று தலைமுறைக் கதை

ஐந்தாம் பகுதி ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாறு. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தந்தை பாபாசுடன் கப்பலில் வந்து இறங்குகிறான். கடத்திச் செல்லப்பட்ட தன் மனைவியை மீட்க வல்ல வீரன் ஒருவனைத் தேடித் திரிகிறார் அத்தந்தை. ஒரு நாள் சிறுவனைப் பிணையாகப் பிடித்த பகைவன், அவன் கண்முன்னே தந்தையைக் கொல்கிறான். மகனின் உயிருக்கு அஞ்சி, திருப்பித் தாக்காமலே அடி வாங்கி மடிகிறார் தந்தை. சிறுவன் 10 ஆண்டுகள் அடிமையாக உழல்கிறான். தப்பி வந்தபின் தந்தை விட்டுச் சென்ற கடிதத்தையும் தெய்வீக வாளையும் ஒரு குகையில் காண்கிறான். அவ்வாளை ஏந்தத் தக்கவனே தேடப்படும் வீரன். கதைத் தலைவன் வாளை எடுத்துப் பார்க்கிறான். அவனால் ஏந்த இயலவில்லை.

தலைவன் என்றால் வீரன் என்று எண்ணிப் பழகிய ஆடுபவருக்கு இது பேரிடி. அவர் பெயரிட்டு வளர்த்த மனிதன் தேடப்படுபவன் அல்லன். தேடுபவரின் மகன் மட்டுமே. பின்னர் அவன் மணம் புரிகிறான். இரட்டைக் குழந்தைகளுக்குத் தந்தையாகிறான். அவர்கள் பிறந்த சில நாள்களிலேயே பகைவரால் கல்லாக்கப்படுகிறான். 8 ஆண்டுகள் கழித்து அவனைத் தேடிக் கண்டுபிடித்து மீட்பவர்கள் அவனுடைய பிள்ளைகளே. அதுவரை சுமந்து திரிந்த வாளை மகனிடம் கொடுக்கும்போது, அச்சிறுவன் அதனை இயல்பாக ஏந்துகிறான். தேடப்பட்ட வீரன் மகனே என்பது அப்போது விளங்குகிறது.

விதிகளே கதை கூறல்

இக்கதையை நாவலாகவும் எழுதலாம். விளையாட்டாக அமைந்ததனால் பெற்ற சிறப்பு யாது என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினா. அதற்கு விடை போர் விதிகளில் கிடைக்கிறது. சிறுவனாகத் தந்தையோடு நடக்கும் நாளில் தந்தை ஆடுபவரின் கட்டளைக்குக் காத்திராமல் தாமே போரிடுவார். போர் முடிந்ததும் மகன் காயமுற்றிருப்பின் மந்திரத்தால் ஆற்றிவிடுவார். அன்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. முதன்முறை ஆடுபவர் இதனை வசதி என்றே கொள்வார்.

தந்தை மறைந்தபின் காயத்தை ஆற்ற எவரும் இல்லை. எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல மணி நேர ஆட்டத்திற்குப் பின் தம் பிள்ளைகளோடு வழிநடக்கும் ஆடுபவர், ஒவ்வொரு போரின் முடிவிலும் அவர்களின் காயத்தைப் பார்த்து, தந்தை பயன்படுத்திய அதே மந்திரத்தைப் பயன்படுத்துகிறார். தந்தையின் அன்பு அவருக்குச் சொல்லித் தரப்படவில்லை. அவருடைய கையே அதனைச் செய்கிறது. கேட்டு அறிவதற்கும் செய்து அறிவதற்கும் உள்ள இவ்வேறுபாடே இப்படைப்பின் உயிர்நாடி.

கல்லாகி நிற்கும் காட்சியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. சிலையை வாங்கிய செல்வர் ஒருவர் தம் வீட்டைக் காக்கும் பொருளாக அதனை முற்றத்தில் நிறுத்துகிறார். பருவங்கள் மாறுகின்றன, அவ்வீட்டுக் குழந்தை வளர்கிறது, பின்பு அரக்கர் அதனைத் தூக்கிச் செல்கின்றனர். காக்கவில்லையே என்று சிலையை அடிக்கிறார் செல்வர். ஆடுபவரின் கையில் கருவி இருந்தும் செயல் இல்லை. தன் பிள்ளைகள் எங்கோ வளர்வதைக் காண இயலாத தந்தையின் துயரம், ஆடுபவரின் இயலாமையாகவே உணர்த்தப்படுகிறது.

நினைவும் தேர்வும்

திருமணப் பகுதியில் ஆடுபவர் இருவருள் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருத்தி செல்வர் மகள் ஃப்ளோரா. மற்றவள் பியாங்கா, சிறு வயதில் பாழடைந்த கோட்டைக்கு இரவில் உடன் வந்தவள், தாயை இழந்து நோயுற்ற தந்தையைப் பேணி மலையூரில் வாழ்பவள். கோட்டைக்குப் போன நினைவு தலைவனுக்கு மட்டும் உரியதன்று. அவ்விரவில் வழி தேடி அலைந்தவர் ஆடுபவரும் ஆவார். ஆகவே இத்தேர்வு அவர்தம் சொந்த நினைவின்மீது வைக்கப்படும் தேர்வாகிறது.

கதையின் பிற்பகுதியில் தலைவன் கடந்த காலத்திற்குச் சென்று சிறுவனான தன்னையே சந்திக்கிறான். தந்தையைப் போற்றும்படியும் எத்துன்பத்திலும் தளராதிருக்கும்படியும் கூறிவிட்டுத் திரும்புகிறான். நடக்கப்போவதை அறிந்தும் தந்தையைக் காப்பாற்ற இயலவில்லை. இளமையில் இவ்விளையாட்டை ஆடியவர், 2004இல் வந்த மறுபதிப்பையோ 2008இல் கையடக்கக் கருவிக்கு வந்த பதிப்பையோ மீண்டும் ஆடும்போது, அச்சந்திப்பில் இரு புறமும் தாமே நிற்பதை உணர்வார். அன்று அறிவுரை கேட்டவரும் இன்று கூறுபவரும் அவரே.

குறைகள்

குறைகளையும் கூறாதொழிவது நேர்மையன்று. ஒரே வகையான போர்கள் திரும்பத் திரும்ப வந்து அயர்வூட்டுகின்றன. வலிமை பெறுவதற்காகவே ஒரே இடத்தில் சுற்றி வரும் நேரங்கள் கதைக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. மாணவரின் படிப்பு நேரத்தை விழுங்குவதும் அவையே. பகைவர் தீமையின் உருவமாக நிற்கின்றனரேயன்றி மனிதப் பண்பு பெறவில்லை. மனைவி போரில் துணைநிற்பவளாகவும் மகள் மந்திரத்தில் வல்லவளாகவும் படைக்கப்பட்டிருப்பினும், தாயும் மனைவியும் கடத்தப்பட்டு மீட்கப்பட வேண்டியவராகவே கதையின் திருப்பங்களில் நிற்பது பழைய தடத்தினின்றும் விலகாமையைக் காட்டுகிறது.

திரைப்படம் எழுப்பிய வழக்கு

இக்கதையை ஒட்டி 2019இல் ஜப்பானில் ‘டிராகன் குவெஸ்ட்: யுவர் ஸ்டோரி’ என்னும் உயிரோவியத் திரைப்படம் வெளிவந்தது. இறுதிப் போரில் உலகம் உறைந்து நிற்கிறது. இதுவரை நடந்தவை யாவும் வளர்ந்த ஆடவன் ஒருவன் ஆடிய விளையாட்டே என்று வெளிப்படுகிறது. புகுந்து கெடுக்கும் தீநிரல் ஒன்று அவனைப் பார்த்து, வளர்ந்த மனிதனாக ஆகும்படி ஏளனம் செய்கிறது. அவன் அதனை அழித்து, தான் பெற்ற பட்டறிவு பொய்யன்று என்கிறான். ஆடுபவருக்கு ஆதரவாக முடிந்தும், இம்முடிவு இரசிகர் பலரின் சினத்திற்கு ஆளாயிற்று.

சினம் நியாயமானதே. பொய்யா மெய்யா என்ற வழக்கைத் திரைப்படம் வெளியிலிருந்து கொண்டுவந்து, வெளியிலிருந்தே தீர்ப்பும் வழங்கியது. மூல விளையாட்டில் அவ்வழக்கு எழவே இல்லை. வளர்ந்த மனிதனாக ஆவது எப்படி என்பதையே அது தொடக்கமுதல் கூறுகிறது. தான் வீரனல்லன் என்று ஏற்றல், தந்தையின் சுமையைத் தாங்குதல், வாளை மகனிடம் ஒப்படைத்து அவன் பின்னே நிற்றல் ஆகியவற்றைக் கைவழியாகக் கற்றவனிடம், வளர்ந்த மனிதனாக ஆகு என்று கூறுவது, பாடத்தைத் தேர்ந்தவனை முதல் வகுப்பில் அமர்த்துவதை ஒக்கும்.

ஆசிரியர் இவ்விளையாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. ஆனால், மாணவன் ஒருவன் ஆட்டக் கதையில் ஆழ்ந்திருப்பதைக் காணும்போது, ‘இதில் உனக்கு என்ன கிடைக்கிறது?’ என்று கடிந்துரைப்பதைவிட, ‘அவ்விடத்தில் நீ யாது செய்தாய்? ஏன் செய்தாய்?’ என்று வினவலாம். பாத்திரப் பண்பை ஆராயும் பயிற்சி அவ்வினாவிலேயே தொடங்குகிறது. அவ்விடையைச் செம்மையான தமிழில் எழுதச் செய்யும் ஆசிரியர், பொழுதைப் பாழாக்கியதாகத் தோன்றிய நேரத்தையும் கல்வியாக்கியவர் ஆவார்.